புதுச்சேரிக் குழாய்நீரும் வெள்ளைப் படிவமும்: ஒரு வாளியியல் ஆய்வு

புதுச்சேரியில் வீடு பார்க்கப் போகிறவர் வாடகையைக் கேட்பதற்கு முன்பே "தண்ணி எப்படி?" என்று கேட்டுவிடுவார். "நல்ல தண்ணி சார்" என்பார் வீட்டுக்காரர். ஆய்வுநெறி அறிந்தவர் இந்த வாய்மொழிச் சான்றை ஏற்பதில்லை. பேசாமல் குளியலறைக்குள் போய், முன்பு குடியிருந்தவர் விட்டுச்சென்ற பிளாஸ்டிக் வாளியின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பார். விரலுக்குச் சொரசொரப்பாக ஒரு வெள்ளை வளையம் அகப்பட்டால் மறுபேச்சில்லை. இந்தத் துறைக்கு இன்னும் பெயர் வைக்கப்படாததால் 'வாளியியல்' என்று இங்கே வைக்கிறோம்.

முதலில் அளவை. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. போலீஸாரின் சிவப்புக் கெபித் தொப்பியும் சில தெருப்பெயர்களும் இங்கேயே தங்கின. ஆனால் இந்த ஊருக்கு மிகவும் தேவையான பிரெஞ்சுச் சரக்கு ஒன்றை நாம் கேட்டு வாங்கிவைக்கத் தவறிவிட்டோம்: தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் பிரெஞ்சு டிகிரி. லிட்டருக்கு 10 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான கடினம் ஒரு டிகிரி. இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாத ஊருக்கு 600 வரை போகலாம். பிரெஞ்சுக் கணக்கில் 20, 60. '60 டிகிரித் தண்ணீர்' என்றால் நம்மவர்கள் வெந்நீர் என்று எண்ணிச் சொம்போடு வந்துவிடும் அபாயம் உண்டு. அறிவியலுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

முன்னோர் ஆய்வு என்று பார்த்தால் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் தாமஸ் கிளார்க் 1840-களில் ஒரு முறை வகுத்தார். தண்ணீரில் சோப்புக் கரைசலைச் சேர்த்துக் குலுக்க வேண்டும்; நுரை நிலைத்து நிற்க எவ்வளவு சோப்பு செலவாகிறதோ அவ்வளவு கடினம். பிரான்ஸில் வேதியியலார் புத்ரோனும் புதேயும் இதையே செம்மைப்படுத்தினார்கள். இந்தச் சோதனையை நம் ஊர்க் குளியலறைகள் தினமும் காலை ஆறு முதல் ஒன்பது வரை நடத்திவருகின்றன. முடிவைப் பதிவு செய்ய ஆளில்லை, அவ்வளவுதான். சோப்பு முதலில் கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து பிசுக்காகத் திரியும். அந்தக் கடன் தீர்ந்த பிறகுதான் நுரை. 60 டிகிரித் தண்ணீர் 20 லிட்டர் வாளியில் இருந்தால், அத்தனை கடினத்தையும் தீர்க்க ஏறத்தாழ 70 கிராம் சோப்பு வேண்டும். அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுக் கட்டி. குளிக்க வந்தவர் தண்ணீரைக் குளிப்பாட்டிவிட்டு வெளியே வருகிறார்.

இந்தச் சுண்ணம் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு தரப்பு. கடற்தரப்பார், கரையோர ஆழ்துளைக் கிணறுகளில் அளவுமீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறுகிறது என்பர். கடல்நீரின் கடினம் 600 பிரெஞ்சு டிகிரிக்கும் மேல் என்பதால் வாதம் வலுவானதே. கிளிஞ்சல் தரப்பார் மேற்கே வழுதாவூர்ப் பக்கம் கைகாட்டுவர். அங்கேயுள்ள சுண்ணப்பாறை ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடி. புதுச்சேரிப் பக்கத்தில் கிடைத்த தொல்லுயிர் எச்சங்களை இயற்கையியலார் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்து எழுதினார். எனவே உங்கள் கெட்டிலில் படிவது அந்தக் கடலில் வாழ்ந்த ஓர் அம்மோனைட்டின் ஓடாகவும் இருக்கலாம். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்பைச் சேர்ந்தது.

அடுக்களை விளைவுகளில் தலையாயது பருப்பு. "இந்தத் தண்ணியில பருப்பு வேகாது" என்பதை மாமியார்களின் சாக்கு என்று ஒதுக்குவது அறியாமை. கால்சியம் பருப்பின் செல்சுவரில் உள்ள பெக்டினை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் பிடி தளர்கிறது. அடுத்தது கீசர். தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட் சூடு பட்டதும் கரியமிலவாயுவை விட்டுவிட்டுக் கல்லாக இறுகுகிறது. வேதியியலார் இதற்குத் 'தற்காலிகக் கடினத்தன்மை' என்று பெயரிட்டிருக்கிறார்கள். அவர்கள் எவரும் நம் ஊர் கீசர் காயிலைக் கழற்றிப் பார்த்ததில்லை என்று துணியலாம்.

முடி கொட்டுவது பற்றி இவ்வாய்வு வாய் திறக்காது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அனைவரும் தண்ணீரின் மீதே பழிபோடுவதால் நடுநிலைச் சாட்சி கிடைக்கவில்லை.

ஆர்.ஓ. இயந்திரம் தீர்வாகாதா என்பர். அது வடிகட்டிய உப்பையெல்லாம் கழிவுக் குழாயில் தள்ளுகிறது. வீணாக்க மனமின்றி அதைப் பிடித்து வீடு துடைக்கிறோம். காய்ந்ததும் தரையில் வெள்ளைக் கோடுகள்.

வரலாற்றையும் தொட்டாக வேண்டும். பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபம் தண்ணீருக்காக எழுந்த கட்டடம். விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் சினந்தபோது, ஆயி என்ற தாசி தன் மாளிகையைத் தானே இடித்துவிட்டுக் குளம் வெட்டினாள் என்பது கதை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பொறியாளர் லாமைரெஸ், அந்தக் குளம் இருந்ததாகச் சொல்லப்படும் முத்திரப்பாளையத்துத் தண்ணீரை நகருக்குக் கொண்டுவந்தார். அந்தப் பெண்ணின் நினைவாக மண்டபம் எழுந்தது. இன்று அது புதுச்சேரி அரசின் சின்னம். நல்ல தண்ணீரை முத்திரையிலேயே பொறித்துக்கொண்ட அரசுக்கு உட்பட்ட குடிமக்கள், கேன் போடும் பையன் வரவில்லை என்றால் கலங்கிப்போகிறார்கள்.

படிவத்தை நீக்கும் முறைகளில் புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றுக்கும் ஒரே தத்துவம்: அமிலம் கார்பனேட்டைக் கரைக்கும். பொறுமையற்றவர்கள் ஆசிட் பக்கம் போகிறார்கள். கறையோடு குழாயின் பளபளப்பும் போகும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். இதில் மட்டும் வேடிக்கை இல்லை.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். 'வீடு வாடகைக்கு' பலகையில் படுக்கையறை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் தண்ணீரின் பிரெஞ்சு டிகிரியையும் எழுதிவிடுங்கள். எழுத மனமில்லை என்றால், பழைய வாளியை மட்டும் ஒளித்துவைக்காதீர்கள்.