டிவித் திரையில் இந்தியாவின் தென்கோடி அறுபடுதல்: ஓர் ஆராய்ச்சி

லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐ வயரால் டிவியில் மாட்டினால் படத்தின் நான்கு ஓரமும் சட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும் நோயைப் புலவர் பெருமக்கள் இதுவரை ஊன்றி ஆராயவில்லை. ஆராய்ந்த ஒரு சிலரும் மெயின்லேண்டில் உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள். அவர்களுக்குப் போவது ஸ்டார்ட் பட்டனும் மணி காட்டும் மூலையும்தான். அந்தமான் நிக்கோபார்க்காரனுக்குத் தீவே போகிறது.

நிறுவுவோம். இந்திய வரைபடம் திரையின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை நிறைந்திருப்பதாகக் கொள்க. வடக்கெல்லை 37 பாகை 6 கலை. தெற்கெல்லை கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை, 6 பாகை 45 கலை. இடையில் 30 பாகைக்குச் சற்று மேல். டிவி ஒவ்வொரு பக்கமும் இரண்டரை சதவீதம் விழுங்கினால், அதாவது 1920க்கு 1080 படத்தில் இடம் வலம் 48 புள்ளியும் மேல் கீழ் 27 புள்ளியும் போனால், தெற்கே முக்கால் பாகை காலி. கேம்ப்பெல் பே உட்பட கிரேட் நிக்கோபார் முழுவதும் அதில் அடக்கம். லிட்டில் நிக்கோபார் இலவச இணைப்பு. 2004 பூகம்பத்தில் தரை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்தும் இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் நின்றது. டிவிக்கு முன்னால் அதன் ஜம்பம் சாயவில்லை.

இதைக் கேட்டுச் சென்னைவாசிகள் ‘த்சொ’ கொட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். அவர்கள் கவனத்துக்கு: விழுங்குவது ஐந்து சதவீதமானால் வெட்டுக்கோடு எட்டேகால் பாகைக்கு ஏறும். கமோர்ட்டா, நான்கவுரியோடு கன்னியாகுமரியும் நாகர்கோவிலும் போகும். கார் நிக்கோபார் அப்போதும் தப்பிக்கும்.

நோய்முதல் நாடினால் அது பிக்சர் ட்யூப் காலத்தில் கிடைக்கிறது. வோல்டேஜ் இறங்கினால் அந்த டிவியில் படம் சுருங்கும், ஓரம் நெளியும். மெயின்லேண்ட் கிரிட்டோடு தொடர்பில்லாமல் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரை நம்பியிருக்கும் தீவுகளில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அசிங்கம் தெரியாமலிருக்க, கம்பெனிகள் படத்தை ட்யூபைவிடச் சற்றுப் பெரிதாக விரித்தன. ஒளிபரப்புத் துறையினரும் அதற்கேற்ப, காட்சி நடு 90 சதவீதத்துக்குள், எழுத்து 80 சதவீதத்துக்குள் என்று வரம்பு கட்டிக்கொண்டார்கள். பிறகு தட்டை டிவி வந்தது. அதில் சுருங்கவோ நெளியவோ எதுவுமில்லை. ஆனாலும், பிரஷர்காரத் தாத்தா காலமாகி வருஷங்கள் ஆன பிறகும் உப்பில்லாமல் சமைக்கிற வீடுபோல, டிவி வெட்டிக்கொண்டே இருக்கிறது. ‘ஓரத்தில் கைவைக்காதே’ என்று லேப்டாப் குறிப்பனுப்ப ஹெச்டிஎம்ஐயில் இடமுண்டு. கேட்பது டிவியின் இஷ்டம்.

மருந்து எங்கே என்பதில் மூன்று கட்சிகள். மூன்றும் அந்தமானில், ஜங்லிகாட்டில் ஒரே வீட்டில், வளைகாப்புப் போட்டோ பார்க்க உட்கார்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடின.

“வயர் லூசு மாப்ளே. அபர்தீன் பஜார்ல நல்லதா ஒண்ணு வாங்கியாறேன்.”

“வயர் போனா படமே வராது மாமா. கடலுக்கடியில ரெண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் கேபிள்ல வந்த போட்டோ ஓரம் கெடாம வந்திருக்கு. ஒன்றரை மீட்டர்ல கெட்டுடுமா?”

“அது கவர்மெண்ட் கேபிள்.”

2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்ட சென்னை–அந்தமான் கேபிளுக்கு இதைவிட உயர்ந்த சான்றிதழ் இவ்வாய்வாளர் கண்டதில்லை. மாமா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மாப்பிள்ளை லேப்டாப் கட்சி. கிராபிக்ஸ் செட்டிங்கில் அளவைக் குறைக்கும் கோட்டை நகர்த்தினார். ஓரம் வந்தது; கூடவே எழுத்தெல்லாம் கலங்கியது. லேப்டாப் சுருக்கிய படத்தை டிவி திரும்ப இழுத்தால் வேறென்ன ஆகும்? இக்கட்சியை நாம் ஏற்பதற்கில்லை.

அத்தை குரூப் போட்டோவில் ஓரமாக நின்றவர், ஆகவே பாதிக்கப்பட்ட தரப்பு. ரிமோட்டை வாங்கி ‘பிக்சர் சைஸ்’ வரை போனார். சித்தாந்தம் இங்கேதான் இருக்கிறது. 16:9 என்பதில் நின்றுவிடக் கூடாது. அதற்கும் கீழே எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஸ்க்ரீன் ஃபிட்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’ என்று கம்பெனிக்கொரு பெயரில் ஒரே சங்கதி ஒளிந்திருக்கும். அதைத் தொட்டால் புள்ளிக்குப் புள்ளி படம். கிடைக்காவிட்டால் சில டிவிகளில் அந்த ஹெச்டிஎம்ஐ வாய்க்கு ‘பிசி’ என்று பெயர் வைத்தாலே போதும்.

அத்தை தொட்டார். மாப்பிள்ளை முன்பு சுருக்கியது அப்படியே இருந்ததால் இப்போது நான்கு பக்கமும் கறுப்புப் பட்டை. அவர் சத்தமில்லாமல் கோட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளவும், மாமா வந்து புது வயரைச் செருகவும் சரியாக இருந்தது. அத்தையின் முழங்கை, தாம்பூலத் தட்டு, கோடியில் அழுத குழந்தை எல்லாம் திரைக்குள் வந்தன. “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார் மாமா. பழைய வயரை அன்றே தூக்கிப் போட்டாயிற்று.