போகிறபோக்கில் வாசித்தவர்

எங்கள் பேருந்து நிழற்குடையில் எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று எழுதியிருக்காது. நாடாளுமன்ற உறுப்பினரின் பெயர் இருக்கும். இனிஷியலோடு, படித்த படிப்போடு, ஓர் அடி உயர எழுத்தில். பணம் தொகுதி மேம்பாட்டு நிதி. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், நாம் கட்டிய வரி. ஊரார் காசில் நிழற்குடை போட்டதற்கே இவ்வளவு பெரிய எழுத்து என்றால், சொந்தக் காசில் ஒரு பெஞ்சு போட்டிருந்தால் ஊர்ப் பெயரையே மாற்றியிருப்பார்.

அந்தப் பெயருக்கு அடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார், அரசு ஆஸ்பத்திரி போகும் பஸ்ஸுக்காக. இடது தாடைக்குக் கீழே ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறுத்துக் காய்த்திருக்கும். வயலின் அழுத்திய இடம். கோடம்பாக்கத்தில் காலை 7 மணி கால்ஷீட்டுக்கு ஓடிய தாடை அது. ட்ராக் ட்ராக்காகப் பிரித்துப் பதிவு செய்யும் வசதி வராத காலம். பாடகர் முதல் பேங்கோஸ்காரர் வரை எல்லோரும் ஒரே டேக்கில் சேர்ந்து முடிக்க வேண்டும். கடைசிச் சரணத்தில் ஒருவருடைய வில் பிசகினால் அத்தனை பேருக்கும் மறுபடி முதலிலிருந்து. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் முன்னின்று வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் கட்டியதால் கூலி கேட்க ஒரு வாசலாவது இருந்தது. வாசித்தார், வவுச்சரில் கையெழுத்துப் போட்டார், வீட்டுக்குப் போனார். படத்தின் டைட்டிலில் படப்பிடிப்புக்கு வீடு கொடுத்தவருக்கு நன்றி உண்டு, வயலின்காரருக்கு இடமில்லை. அவருடைய வில் மட்டும் இன்றைக்கும் எதிர் டீக்கடை எஃப்எம்மில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சட்டம் வந்ததே என்பீர்கள். வந்தது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். மாநிலங்களவையில் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் கலைஞர்களுக்காக உருகிப் பேசினார். நிகழ்த்துநருக்கு ராயல்டி, தன் பெயரைப் போடச் சொல்லும் உரிமை, எல்லாம் எழுதினார்கள். கையோடு, நிகழ்த்துநர் யார் என்று சொல்லும் இடத்தில் ஒரு வாலையும் ஒட்டினார்கள்: சினிமாவில் யாருடைய பங்கு போகிறபோக்கிலானதோ, தொழில் வழக்கப்படி யார் பெயர் டைட்டில் உட்பட எங்கும் வருவதில்லையோ, அவர் நிகழ்த்துநரே அல்லர்.

கூட்டத்தில் நின்றுவிட்டுப் போகும் துணை நடிகரை நினைத்து எழுதியிருக்கலாம். ஆனால் வயலின்காரருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. பெயரைப் போடச் சொல்லும் உரிமை யாருக்கு? நிகழ்த்துநருக்கு. யார் நிகழ்த்துநர்? ஏற்கெனவே பெயர் வந்தவர். சாப்பிட்டு எழுந்தவனுக்கு மட்டும் இலை போடும் பந்தி! ஒரே ஒரு சலுகை: வாசித்ததை யாராவது சிதைத்தால் வழக்குப் போடலாம். வாசித்தது நான்தான் என்று எதைக் காட்டி நிரூபிப்பது? தாடையையா?

இதே அவை தன் விஷயத்தில் இத்தனை கஞ்சமாக இல்லை. எத்தனை குறைந்த காலம் உறுப்பினராக இருந்தாலும் ஓய்வூதியம் உண்டு. 2025இல் அதை மாதம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆக்கிக்கொண்டார்கள். 5 ஆண்டுக்கு மேல் இருந்தால், கூடுதலான ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதம் 2,500 சேரும். மேசையைத் தவிர வேறு தாள வாத்தியம் தட்டியறியாதவருக்கும் சாகும்வரை ராயல்டி.

எனக்கொரு திருத்த மசோதா இருக்கிறது. வாசகம்கூட என்னுடையதில்லை, அவர்களுடையதுதான்: "யாருடைய வருகை போகிறபோக்கிலானதோ, கேட்ட கேள்வியிலோ பேசிய பேச்சிலோ யார் பெயர் அவைக்குறிப்பில் எங்கும் வருவதில்லையோ, அவர் உறுப்பினராகக் கருதப்பட மாட்டார்." பெரிய மனது பண்ணி ஒரு சலுகையும் வைக்கலாம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் நாளொன்றுக்கு 2,500 ரூபாய் படி இப்போது கிடைக்கிறதல்லவா, அதை அப்படியே வாங்கிக்கொள்ளட்டும். வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டு.