பெயின்ற் கொம்பனிகளும் நானும்

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு வாக்குரிமை உண்டு: மனுசி, மகள், பெயின்ற் அடிக்கிற அண்ணை. காசு கொடுப்பவனுக்குக் கிடையாது. மகளின் பொன்னுருக்கலுக்கு முன் வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பதென்று தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் எனக்குத் தகவலே வந்தது.

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் நடந்து பாருங்கள். ஒரு ஹாட்வெயாரின் நெற்றி முழுக்க ஒரு கொம்பனியின் நிறம். பக்கத்துக் கடைக்கு இன்னொன்றின் நிறம். பலகையில் கடையின் பெயரைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி போட வேண்டும். டியூலக்ஸ், மல்ரிலாக், நிப்பொன், ரொபியலாக் என்று ஒவ்வொன்றும் மற்றதை முறைத்துக்கொண்டு நிற்கும். 1942இல் பம்பாயில் தொடங்கிய ஏசியன் பெயின்ற்ஸ், 2017இல் இங்கத்தைய கோஸ்வே கொம்பனியையே வாங்கிவிட்டது. நான் வாங்கப் போனது நாலு லீற்றர் வாளி. ஆனாலும் படியேறும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். இத்தனை பேர் அடிபடுவது என் சுவருக்காகத்தானே?

“எது தம்பி நல்லது?” என்றேன்.

“உங்கட பெயின்ரர் எதைச் சொன்னவர் ஐயா?” என்றான் கடைத் தம்பி.

நெஞ்சு பழைய இடத்துக்கு வந்தது. வாளியின் மூடியைத் திறப்பவன் யார் என்று கொம்பனிகளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் பெயின்ரருக்குப் புள்ளி, பரிசு, ரீசேட், மத்தியானச் சாப்பாட்டோடு பயிற்சி வகுப்பு. எனக்கு நிறங்களைக் காட்டும் ஒரு சேட் காட். அதிலும் மனுசி முதலே பேனையால் வட்டம் போட்டிருந்தாள்.

இந்தியாவில் இந்தச் சண்டை இன்னும் பெரிது. பிர்லா குழுமத்தின் கிராசிம் 10,000 கோடி இந்திய ரூபாவை ஒதுக்கி, 2024இல் ‘பிர்லா ஓபஸ்’ என்று பெயின்றில் இறங்கியது. நிறம் கலக்கும் மெசினைக் கடைக்காரருக்கு இலவசமாகவே கொடுத்தது. கடைக்காரர்களைத் தன் பக்கம் வரவிடாமல் ஏசியன் பெயின்ற்ஸ் தடுக்கிறது என்று அது முறையிட, 2025 யூலையில் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. கடைக்காரருக்கு மெசின், வக்கீலுக்கு வழக்கு. வீட்டுக்காரனுக்கு என்ன என்று அங்கேயும் ஒருவன் சேட் காட்டோடு யோசித்துக்கொண்டு நிற்பான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. “நிறமொண்டும் வேண்டாம், வெள்ளையே போதும். அதுதான் மலிவு.”

தம்பி சிரித்தான். “வெள்ளைக்குத்தான் ஐயா ரைற்றேனியம் கூடப் போடோணும். கடும் நிறத்துக்கு எடுக்கிற பேஸில அது குறைவு. ரைற்றேனியம் டொலரில வாற சாமான்.” 2022இல் மார்ச்சுக்கும் மேக்கும் இடையில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குத் தாவியதை அவன் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அந்த வருசம் வீட்டுக்கு வெள்ளையடிக்க நினைத்தவனைச் சனம் ஒரு மாதிரித்தான் பார்த்திருக்கும்.

ரைற்றேனியம் என்றதும் எனக்குச் சூடேறிவிட்டது. முல்லைத்தீவுக் கரையால் தெற்கே போய்க் கொக்கிளாய்க் களப்புக்கு அங்கால் புல்மோட்டை. அங்கத்தைய கறுப்பு மணலில் இருக்கிற இல்மனைற்றிலிருந்து இந்த வெள்ளை ரைற்றேனியத் தூளைச் செய்யலாம். 1957இல் அரசாங்கம் அதற்கென்றே ஒரு கூட்டுத்தாபனம் தொடங்கியது. ஆனால் இல்மனைற்றை வெள்ளைத் தூளாக்கும் ஆலை மட்டும் இங்கே இல்லை. மணலாகவே கப்பலேற்றி விற்கிறோம். தூளை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். “எங்கட மண்ணை எங்களுக்கே டொலருக்கு விக்கிறாங்கள்!” என்று கல்லாவில் தட்டிப் பேசினேன். சீமெந்து வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“பில் போடட்டோ ஐயா?” என்றான் தம்பி.

மெசினின் குழாய் வாளிக்குள் மஞ்சளும் சிவப்புமாகச் சொட்டியது. பிறகு மூடியைச் சுத்தியலால் தட்டி இறுக்கி, குலுக்கும் மெசினில் ஏற்றினான். குலுங்கி முடிந்ததும் ஒரு விரல் தொட்டு மூடியில் தீற்றி, “இது காய்ஞ்சா ஒரு பிடி கூடும்” என்றான். வட்டத்துக்குள் இருந்த சந்தன நிறம் எனக்குப் பரங்கிக்காயாகத் தெரிந்தது. வாய் திறக்கவில்லை.

வீட்டில் பெயின்ரர் அண்ணை சுவரின் அடியில் இரண்டடிக்குச் செங்கல் நிறம் கேட்டார். மாரியில் செம்மண் தெறித்தால் தெரியாதாம். நியாயம்தான், எங்கள் முற்றத்து மண்ணும் கிட்டத்தட்ட அதே நிறம். அதை இலவசமாகப் பூசலாமே என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

வேலை முடிந்த அன்று பின்னேரம் வெறும் வாளிகளையாவது எடுத்து வைக்கலாமென்று போனேன். கொம்பனி ரீசேட்டோடு பெயின்ரர் அண்ணை அவற்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா தந்தவ” என்றார்.