யாருக்கு ஓட்டு?

கேள்வி: எங்கள் தாமானில் தகராறுகளைத் தீர்க்க ஒரு குழு அமைக்கிறார்கள். சம்பளம் கிடையாது, ஆனாலும் தேர்தலில் நிற்க அடிதடி. யாருக்கு ஓட்டுப் போடலாம்? (வாசகர், பாலிங்)

பதில்: சமாதானக் குழுவுக்கு அடிதடியா? முதல் வழக்கு தயார்!

பொறுமைசாலிக்குப் போடுங்கள். உங்கள் ஊரே அதற்குச் சாட்சி. 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் பாலிங் பள்ளிக்கூடத்தில் சமாதானப் பேச்சு. மலாயா முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயா சீனர் சங்கத் தலைவர் டான் செங் லோக் ஒரு பக்கம். ஆயுதப் போராட்டம் நடத்தி, காட்டிலிருந்து இறங்கி வந்த மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங் மறுபக்கம். அந்த ஜூலையில்தான் துங்குவின் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றிருந்தது. மக்கள் ஓட்டு தந்த பலத்தோடு வந்து உட்கார்ந்தார். இருந்தும், சரணடைவது என்ற இடத்தில் பேச்சு முறிந்தது. சமாதானக் கையெழுத்து விழுந்தது 1989 டிசம்பர் 2இல், தாய்லாந்தின் ஹாட்யாயில்!

பொறுமை மட்டும் போதாது, நடுநிலையும் வேண்டும். அந்தக் காலத்துத் தோட்டப் பஞ்சாயத்துகள் பலவற்றில் கங்காணி சொன்னதுதான் தீர்ப்பு. கூலித் தகராறு என்றால் அவரே ஒரு கட்சிக்காரர். தொழிலாளி எங்கே போவான்? ஓட்டுப் போட்டு எடுத்த ஆளை அடுத்த முறை மாற்றலாமே.

வேட்பாளரிடம் ஒன்று கேளுங்கள்: “உங்க மச்சான் மேலேயே பிராது வந்தா என்ன செய்வீங்க?” “எழுந்து வெளியே போய் உட்காருவேன்” என்பவருக்கே என் ஓட்டு.