சொர்ணாக்காவின் ராஜ்ஜியம்

எங்கள் வீட்டுப் பூனைக்குப் பெயர் சொர்ணாக்கா. குணத்தைப் பார்த்து வைத்த பெயர். தானாக மடியில் வந்து படுப்பாள். தடவினால் கண்ணை மூடிக் குறுகுறுப்பாள். ஒரு தடவல் கூடிப்போனால் வால் நுனி துடிக்கும், காது பின்னால் மடியும். அடுத்த விநாடி மணிக்கட்டில் பல் பதியும்.

"பால் வையுங்களேன்" என்பார்கள் விருந்தினர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. இனிப்போ, பூனை நாக்குக்குத் தெரியவே தெரியாது. ஆகவே பாயசக் கிண்ணத்தை அவள் தட்டிவிடுவது ஆசையால் அல்ல, கொள்கை முடிவு.

நாளில் பாதிக்குமேல் தூக்கம். மிச்ச நேரம் பல்லி வேட்டை. டியூப்லைட்டோரம் பூச்சி பிடிக்கும் பல்லி, அகப்பட்டால் வாலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடிவிடும். துடிக்கிற வாலோடு இவளுக்கு வெற்றி விழா. பல்லிக்கு வால் மறுபடி முளைத்துவிடும். கூட்டணிக் கட்சிகளுக்குள்கூட இவ்வளவு சுமுகமான உடன்பாட்டை நான் பார்த்ததில்லை. அதே பல்லி சுவரில் 'உச்' கொட்டினால், மாமியார் பஞ்சாங்கத்தைப் புரட்டி கௌளி பலன் பார்ப்பார். வீட்டில் மரியாதை யாருக்கு என்று புரிகிறதல்லவா?

பெருச்சாளி வந்தால் மட்டும் சொர்ணாக்கா பரண்மேல் ஏறி, 'அது உங்கள் இலாகா' என்பதுபோல் பார்ப்பாள்.

பூனை வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காசு கொடுத்து வாங்காதீர்கள், தெருவில் குட்டிகளுக்குப் பஞ்சமில்லை. கொண்டுவந்த குட்டிக்கு உரிய வயது வந்ததும் ரேபிஸ் தடுப்பூசி போட்டுவிடுங்கள். கடி உங்களுக்கு உறுதி.