வெயிலில் வழிதவறும் வண்டி

கேள்வி: பத்தாவது எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மகளைக் கோடைகால ரோபோட்டிக்ஸ் வகுப்பில் சேர்த்தால், கொடுக்கும் பணத்துக்குப் பலன் உண்டா?

பதில்: உண்டு, ரோபோ ஒழுங்காக ஓடாமல் இருந்தால்! கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் குட்டி வண்டியைத்தான் பெரும்பாலும் முதலில் செய்யச் சொல்வார்கள். வண்டி அனுப்பும் அகச்சிவப்புக் கதிரை வெள்ளைத் தரை அதிகம் திருப்பி அனுப்பும், கறுப்புக் கோடு விழுங்கிவிடும். அந்த வித்தியாசத்தை சென்சார் கவனித்து வண்டியைத் திருப்புகிறது. வகுப்பறைக்குள் சமர்த்தாக ஓடும் வண்டி, ஜன்னல் வெயில் பட்டதும் தடுமாறலாம். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருக்கிறதே. (கோடையில் வண்டிக்கும் தலைசுற்றல்.) காரணத்தை மகள் தானே கண்டுபிடித்தால், அந்த ஒரு மதியத்துக்கே கட்டணம் தகும். பிழை என்பது தண்டனைக்குரியதல்ல, தேடித் திருத்த வேண்டியது என்று கணினிவழிக் கல்வியின் முன்னோடி சீமோர் பேப்பர்ட் 1980-இல் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் வாதிட்டார். லெகோ நிறுவனம் 1998-இல் வெளியிட்ட ரோபோப் பெட்டிக்கு அந்த நூலின் பெயரையே வைத்தது.

‘புரோகிராமை ஏஐ எழுதித் தருமே’ என்பீர்கள். தரும், கழன்ற ஒயரை மாட்டாது. ‘இரண்டு வாரத்தில் என்ன வந்துவிடும்?’ இன்ஜினியரிங் வராது, நியாயம்தான்; பிழையைத் தேடும் பழக்கம் வரலாம். ஆனால் கடைசி நாளில் எல்லாப் பிள்ளைகள் கையிலும் ஒரே அச்சில் ரோபோவும் சான்றிதழும் இருந்தால், கற்றவர் ஆசிரியர் மட்டுமே. சேர்க்குமுன் ஒன்று கேளுங்கள்: வண்டி நின்றுபோனால் யார் பிரித்துப் பார்ப்பார்கள்? ‘நாங்களே சரிசெய்து கொடுத்துவிடுவோம், கவலை வேண்டாம்’ என்றால், வேறு இடம் பாருங்கள்.