ஆர்வத்துக்கும் டியூஷன் உண்டு

தைவான் அரசுக்கு 2018இல் ஒரு ஞானோதயம் பிறந்தது. 2030க்குள் நாடு முழுக்க இருமொழி பேச வேண்டும். எந்த இரண்டு மொழி? மாண்டரின் ஒன்று, ஆங்கிலம் இன்னொன்று. பாட்டி பேசுகிற ஹொக்கியன்? அதற்குத்தான் வாரத்துக்கு ஒரு பீரியட் ஒதுக்கியாயிற்றே!

இந்தப் பாட்டி பள்ளிக்கூடம் போன காலத்தில் ராணுவச் சட்டம் இருந்தது. வகுப்பில் தாய்மொழி வாயில் வந்தால் அடி, அபராதம், கழுத்தில் அட்டை. அப்படி மாண்டரின் கற்ற தலைமுறையின் சேமிப்புதான் இன்று பேரனின் ஆங்கிலத்துக்குக் கரைகிறது. அன்று அபராதம். இன்று ஃபீஸ். படிக்கும்போது உங்களுக்கு வேறு ஏதாவது ஊர் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

ஆங்கிலத்தை எங்கே நுழைத்தார்கள் தெரியுமா? பல பள்ளிகளில் விளையாட்டு, ஓவியம், இசை வகுப்புகளில். கணக்கில் கைவைத்தால் மார்க் போய்விடும். மார்க் இல்லாத பாடத்தில் கைவைத்தால் யார் கேட்பது? நாள் முழுக்க அடைபட்டுக் கிடந்த பிள்ளை பந்தைத் தொடும் நேரம் அது. அங்கேயும் வாத்தியார், தனக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில், 'ரன்' என்கிறார், 'ஸ்டாப்' என்கிறார். பிள்ளை ஓடுகிறது, நிற்கிறது. இவ்வளவு ஆங்கிலம் வளர்ப்பு நாய்க்கும் தெரியும்.

அடுத்த கவலை, படைப்பாற்றல். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் 2022 பீசா தேர்வில் தைவான் பிள்ளைகள் கணக்கில் 547 வாங்கி உலகில் மூன்றாமிடம். அதே சுற்றில் படைப்புச் சிந்தனையையும் அளந்தார்கள். பெரும்பாலும் பணக்கார நாடுகள் கொண்ட ஓஇசிடி அமைப்பின் சராசரியைத் தாண்டவில்லை. உடனே மேற்கைப் பார்த்துப் பெருமூச்சு. (அந்த மேற்கின் அமெரிக்கா கணக்கில் வாங்கியது 465. சராசரிக்கும் கீழே. பிள்ளை கிறுக்கியதையெல்லாம் 'அற்புதம்' என்று ஃபிரிட்ஜில் ஒட்டுவதும் கல்வியல்ல.)

அரசு வழி கண்டது. 2019 பாடத்திட்டத்தோடு 'கற்றல் பயணக் கோப்பு' வந்தது. மேல்நிலை மாணவர் தன் ஆர்வங்களையும் ஆய்வுகளையும் அதில் சேர்க்க வேண்டும். பல்கலைக்கழகம் அதையும் பார்த்து இடம் கொடுக்கும். மார்க் வெறி ஒழிந்தது என்றார்கள். 'பூஷிபான்' எனப்படும் டியூஷன் சென்டர்கள் அசரவில்லை. தைபே ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு தெருவையே வளைத்துப்போட்டு மார்க் விற்றவர்களுக்கு ஆர்வம் விற்கத் தெரியாதா? பதினாறு வயதுப் பிள்ளைக்கு எதில் ஆர்வம் என்பதைக் காசு வாங்கிக்கொண்டு கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். அதைக் கோப்பாக்கவும் கற்றுத்தருகிறார்கள். 2021 செப்டம்பரில் இன்னொரு கூத்து. தரவை இடம் மாற்றும்போது 25 ஆயிரத்துக்கும் அதிகமான கோப்புகள் காணாமல் போயின. திரும்ப ஏற்றச் சொன்னார்கள். மாணவர்களே, உங்கள் தனித்துவத்தை மறுபடியும் ஒருமுறை பதிவேற்றவும்!

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். கடக்க முடியாத ஒன்று இருக்கிறது. அமெரிக்க அப்பாவின் பிள்ளை வீட்டில் இரண்டு மொழி பேசினால் கெட்டிக்காரப் பிள்ளை. வியட்நாம் அம்மாவின் பிள்ளை பேசினால் படிப்பில் பின்தங்கும் பிள்ளை. வியட்நாமிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் தைவானில் ஏராளம். 'குழந்தையிடம் உன் மொழியில் பேசாதே, குழம்பிவிடும்' என்று எத்தனையோ மாமியார்கள் தடுத்தார்கள். ஆசிரியர்கள் சிலர் ஆமோதித்தார்கள். ஆங்கிலம் கலந்தால் மட்டும் எந்தக் குழந்தையும் குழம்புவதில்லை போலிருக்கிறது.

பிறகு 2016இல் அரசின் பார்வை தெற்கே திரும்பியது. தென்கிழக்காசியாவில் வியாபாரம் பெருக வேண்டும், மொழி தெரிந்த ஆள் வேண்டும். 2019 பாடத்திட்டத்தில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் வியட்நாமியமும் எடுத்துப் படிக்கலாம் என்று வழிசெய்தார்கள். அம்மா தாலாட்டிலேயே சொல்லிக்கொடுத்திருப்பாள், பைசா செலவில்லாமல். அவள் வாயை அடைத்தவர்கள் இப்போது சம்பளம் கொடுத்து வாத்தியார் வைக்கிறார்கள்.